ஊதியாச்சு, எண் வந்தாச்சு... அப்புறம்?

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள் வீட்டிலேயே மூச்சை அளந்து பார்க்கக் கருவிகள் வந்துவிட்டன. விலையும் கைக்கு எட்டும் தூரத்தில்தான். கருவி வந்த வீடுகளில் என்ன மாறுகிறது, என்ன மாறாமலே இருக்கிறது?

தீபாவளி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். சுவரோர பெஞ்சில் வரிசையாக ஆட்கள். முகத்தில் பிளாஸ்டிக் மாஸ்க், அதன் ஓரங்களில் கசியும் மருந்தாவி. படுக்க முடியாமல், இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கு நடுவே குழி விழும் பையன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு புதுப் புடவையின் கொசுவம் கலைய ஓடிவந்த அம்மா. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிப் பேசும் கல்லூரிப் பெண். நெபுலைசரின் இரைச்சலையும் மீறி வெளியே எங்கோ கடைசி சரவெடி.

"எப்ப இருந்து?" என்று டூட்டி டாக்டர் கேட்பார்.

"சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தாரு. திடீர்னு இழுக்க ஆரம்பிச்சிருச்சு."

இந்தப் பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வெடிப் புகைக்குச் சில நுரையீரல்கள் சில மணி நேரத்திலேயே சுருண்டுவிடும் என்பது உண்மை. ஆனால் வருஷம் முழுக்க நடக்கும் தாக்குதல்களை எடுத்துக்கொண்டால் இந்தத் 'திடீர்' பெரும்பாலும் திடீர் இல்லை. 425 கடுமையான ஆஸ்துமா தாக்குதல்களை ஆராய்ந்து 1999-ல் ஒரு மருத்துவக் குழு கட்டுரை வெளியிட்டது. நோயாளிகள் தினமும் ஒரு சின்னக் கருவியில் ஊதி, வந்த எண்ணை நோட்டில் எழுதிவந்தவர்கள். தாக்குதலுக்குப் பல நாள் முன்பிருந்தே அந்த எண் மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. கடைசி இரண்டு மூன்று நாளில் மளமளவென்று சரிந்திருந்தது. நோட்டுப் போட்டு எழுதாத வீட்டில் அதே சரிவு யார் கண்ணிலும் படாமல் நடந்து முடிகிறது. அவசரப் பிரிவுக்குத் தெரிவது அதன் கடைசி ராத்திரி மட்டும்.

98 காட்டுதே!

கொரோனா நம் வீடுகளில் விட்டுப்போன சாமான்களில் முக்கியமானது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 2021 கோடையில் அதைத் தேடி மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தது மறந்திருக்காது. அந்த ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸிமீட்டர், நெபுலைசர், ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரைக் கருவி, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய ஐந்துக்கும் வணிக லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது பாட்டிகளுக்கும் மனப்பாடமானது.

தொற்று போனது, மனப்பாடம் போகவில்லை. இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது இளைப்பு வந்தால் முதலில் மேஜை டிராயரிலிருந்து வருவது ஆக்ஸிமீட்டர்தான். "98 காட்டுதே, ஒண்ணுமில்ல, ஆவி பிடிச்சிட்டுப் படு" என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது.

ஆஸ்துமாக்காரரைப் பொறுத்தவரை இது ஆபத்தான தீர்ப்பு. ஆஸ்துமாவில் காற்றுக்குழாய்கள் இறுகி, உள்ளே வீங்கி, சளியால் அடைகின்றன. உடம்பு உடனே விட்டுக்கொடுத்துவிடாது. கழுத்துத் தசை, விலாத் தசை எல்லாவற்றையும் கூப்பிட்டு வேகவேகமாக மூச்சு வாங்கி, ரத்தத்தில் ஆக்ஸிஜனை வெகுநேரம் கட்டிக்காக்கும். அந்தத் தசைகள் ஓய்ந்துபோகும் கட்டத்தில்தான் விரலில் எண் விழும். ஆஸ்துமாவில் 92-க்குக் கீழே போவது கடைசிக் கட்ட மணிகளில் ஒன்று. முதல் மணி அடித்து மூன்று நாள் ஆகியிருக்கலாம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. விரலுக்குள் ஒளி பாய்ச்சி ஆக்ஸிஜனை அளக்கும் இந்த உத்தியை 1974-ல் உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. உலகமே அவர் கருவியைத் தேடத் தொடங்கியிருந்த 2020 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து வெளியான ஆய்வு ஒன்று, கறுப்பின நோயாளிகளிடம் ரத்தப் பரிசோதனை காட்டும் ஆக்ஸிஜன் குறைவை இந்தக் கருவி கோட்டைவிடுவது வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. தோலின் நிறமிதான் காரணம் என்று கருதப்படுகிறது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவே வாழும் நாமும் 98-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். நகச்சாயமும் சில்லிட்ட விரலும் எண்ணைக் குழப்பும் என்பது தனி.

ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருக்க வேண்டிய கருவி வேறு. அந்த ஐந்து கருவிப் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

சுரங்கத்திலிருந்து வந்த குழாய்

பீக் ஃப்ளோ மீட்டர். ஒரு முழம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். பேட்டரி கிடையாது, செயலி கிடையாது. பலங்கொண்ட மட்டும் ஊதினால் ஒரு முள் நகர்ந்து நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்றை வெளியேற்ற முடிகிறது என்பதே அந்த எண். சில நூறு ரூபாய் விலை. பல வருஷம் உழைக்கும்.

பிரிட்டனில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்துவந்த குழுவில் இருந்த மார்ட்டின் ரைட் என்ற மருத்துவர் செய்த கருவி இது. மெக்கெரோ என்பவரோடு சேர்ந்து 1959-ல் அதைப் பற்றி எழுதினார். முதலில் வந்தது கனமான, விலை கூடிய உலோகக் கருவி. பிளாஸ்டிக்கில் சின்னதாக வந்தது 1970-களில். நோயாளியின் வீட்டுக்குள் அது நுழைந்ததும் அப்போதுதான். (மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் செலுத்தும் சிரிஞ்சு டிரைவரும் இதே மனிதரின் கைவண்ணம்.)

மருத்துவமனையில் செய்யும் ஸ்பைரோமெட்ரி இதைவிட விரிவான சோதனை. நோய் இருக்கிறதா, என்ன நோய் என்று தீர்மானிக்க அதுதான் வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் அது அளக்கும். மருந்துக்குப் பிறகும் முதலாவது இரண்டாவதில் 70 சதவீதத்தை எட்டவில்லை என்றால் நாள்பட்ட அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., என்று மருத்துவர் சந்தேகிப்பார். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் சோதனை, செவ்வாய்க்கிழமை காலை நான்கு மணிக்கு நெஞ்சு எப்படி இருந்தது என்று சொல்லாது. ஆஸ்துமாவின் குணமே ஏறி இறங்குவது. விடியற்காலையில் மோசம், மதியம் சுமார். டாக்டர் முன்னால் போய் உட்காரும் பதினோரு மணிக்கு மூச்சு ஜம்மென்று இருக்கும்.

▪ பெட்டிச் செய்தி: எப்படி ஊதுவது?

முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வி, ஒரே வேகத்தில் 'ஹஃப்' என்று ஊதுங்கள். நீளமாக ஊத வேண்டாம், வேகமாக ஊத வேண்டும். நாக்கால் அடைத்துத் துப்புவதுபோல் ஊதினால் எண் பொய்யாகக் கூடும்.

மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை எழுதுங்கள். சராசரி போடக்கூடாது. காலையும் மாலையும், மருந்து எடுப்பதற்கு முன்பு.

நோய் நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் இரண்டு வாரம் இப்படி எழுதினால், அதில் கிடைக்கும் மிகப் பெரிய எண்தான் 'உங்கள் சொந்த உச்சம்'. அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அது மாறும்.

கருவியை மாற்றினால் உச்சத்தையும் புதிதாகக் கண்டுபிடியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் வேறுபடலாம். பிரிட்டனில் 2004-ல் பழைய ரைட் அளவுகோலை விட்டு ஐரோப்பிய அளவுகோலுக்கு மாறியபோது எல்லோருடைய எண்ணும் மாறியது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளால் சரியாக ஊத முடியாது.

உடம்புக்கே தெரியாதபோது

"எனக்கு முடியலைன்னா எனக்கே தெரியாதா? இதுக்கு ஒரு குழாய் எதுக்கு?" நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்குத் தெரியத்தான் செய்கிறது. அறிகுறிகளை மட்டும் வைத்துப் போடும் திட்டமும், ஊதும் எண்ணை வைத்துப் போடும் திட்டமும் பொதுவாக ஒரே அளவுக்குப் பலன் தருவதாகவே ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. எல்லா ஆஸ்துமாக்காரரும் ஆயுள் முழுக்கத் தினமும் ஊதியாக வேண்டும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் சிலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுவது. ஆஸ்துமாவால் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களை எடுத்துச் சோதித்தார்கள். மூச்சுத் திணறலை உணரும் திறனே அவர்களுக்கு மழுங்கியிருந்தது. மற்றவர்கள் துடித்துப்போகும் அளவுக்கு மூச்சு அடைபட்டும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தகையவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் குழாய் உயிர் காக்கும் பொருள். ஒருமுறையாவது ஐ.சி.யூ. வரை போனவர்கள் வீட்டில் அது இல்லாமல் இருக்கக்கூடாது.

நம் ஊரில் இதற்கு வேறொரு முகமும் இருக்கிறது. இளைப்போடேயே வாழ்ந்து பழகியவர்கள். மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டு, கோயிலுக்கு நடப்பதை விட்டுவிட்டு, தண்ணீர்க் குடம் தூக்குவதை மருமகளிடம் விட்டுவிட்டு, "இப்பல்லாம் இளைப்பே இல்ல" என்பார்கள். இளைக்கும் வேலை எதையும் செய்யாதபோது எப்படி இளைக்கும்? முப்பது நாற்பது வருஷம் விறகடுப்பின் முன் குனிந்து ஊதிய பெண்களிடம் இது அதிகம். பீடி, சிகரெட் வாடையே ஆகாது என்பவர்கள் சி.ஓ.பி.டி.யோடு வந்து நிற்பதை நம் நெஞ்சக மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். காசநோய் மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, 'குணமாகிவிட்டது' என்று சீட்டு வாங்கி, வடுப்பட்ட நுரையீரலோடு வீடு திரும்பியவர்கள் இன்னொரு பெருங்கூட்டம்.

வேலை செய்யும் இடத்தில் வரும் இளைப்புக்கும் இந்த நோட்டு பேசும். பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பைசினோசிஸ் நோயின் அடையாளமே திங்கட்கிழமை. வார விடுமுறை முடிந்து, பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமுக்குள் நுழைந்த அன்று நெஞ்சை இறுக்கும். அடுத்தடுத்த நாளில் குறையும். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் ஊதி எழுதினால் சரிவு எண்ணாகவே தெரியும். பேக்கரி மாவு, பெயின்ட் பூத், மரப்பட்டறை என்று தொழில்வழி ஆஸ்துமா எதுவாயினும் மருத்துவர்கள் கேட்பது இதைத்தான்: வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தினம் நான்கு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம். விடுமுறையில் கோடு ஏறி, வேலையில் இறங்கினால் சாட்சி வேறு வேண்டாம். பைசினோசிஸ் தொழிலாளர் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள பெயர்; கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டியது. கோவையிலோ திண்டுக்கல்லிலோ ஒரு தினக்கூலித் தொழிலாளி அந்த நோட்டை சூப்பர்வைசர் மேஜையில் வைத்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. அதனால்தான் இப்படிப்பட்ட நோட்டுகள் பீரோவுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன.

வீட்டுக்குள் நோட்டு இன்னொரு வேலையும் செய்கிறது. இன்ஹேலர் மீதான பயத்தை அது தணிக்கிறது. "பம்பு பழகிட்டா விட முடியாது", "பொண்ணு பம்பு அடிக்கிறது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்று ஒளித்து வைத்து, இழுக்கும்போது மட்டும் நீல இன்ஹேலரை அடித்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். அந்த நீல மருந்து குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. அதை மட்டுமே நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்கக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. வீக்கத்தைக் குறைக்கும் இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கத் தொடங்கிய சில வாரத்தில் 250-ல் கிடந்த எண் 300, 340 என்று ஏறுவதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும் அம்மாவிடம் டாக்டர் தனியாக வாதாட வேண்டியதில்லை. ஜூன் மாதம் ஹைதராபாத்துக்கு ரயிலேறி, மருந்து அடைத்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்கிவிட்டு வருபவர்களும் முன்னும் பின்னும் ஒரு மாதம் ஊதி எழுதிப் பார்க்கலாம்.

▪ பெட்டிச் செய்தி: இந்தியக் கணக்கு

2016-ல் இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் 5.53 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் 3.79 கோடி என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த மாநிலவாரி ஆய்வு மதிப்பிட்டது.

உலக மக்கள்தொகையில் இந்தியாவின் பங்கு 18 சதவீதம். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய ஆண்டுகளில் நம் பங்கு 32 சதவீதம்.

அம்மாவுக்கு வாங்கி அனுப்பிய மிஷின்

சி.ஓ.பி.டி.க்குப் பீக் ஃப்ளோ மீட்டர் அதிகம் உதவாது. அங்கே எண் நாளுக்கு நாள் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதையும் அது குறைத்தே காட்டலாம். அங்கேதான் ஆக்ஸிமீட்டருக்கு வேலை வருகிறது. வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

கதை பல தெருக்களில் ஒன்றேபோல் நடக்கிறது. மகன் வெளிநாட்டில். அம்மாவுக்குப் பல வருஷமாக இளைப்பு. வீடியோ காலில் ஆக்ஸிமீட்டரைக் கேமரா முன் காட்டச் சொல்கிறான். 89. கொரோனாக் காலத்து 94 அவன் மண்டையில் அடிக்கிறது. அன்றே ஆன்லைனில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஆர்டர் போட்டுவிடுகிறான். மிஷின் வருகிறது. "நல்லாக் கூட்டி வைங்க, 98 வரணும்" என்கிறான். அப்பா குமிழை ஐந்து லிட்டருக்குத் திருப்புகிறார். எண் 97-க்கு ஏறுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. அம்மா அசந்து தூங்குகிறார். மறுநாள் காலை தலைவலி என்கிறார். பகலிலும் தூக்கம். பேச்சு கொஞ்சம் முன்னுக்குப் பின். "ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்குறா, எழுப்பாதே" என்கிறார் அப்பா.

அது தூக்கம் இல்லை. முற்றிய சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால் அந்தத் தேக்கம் கூடும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு வென்டிலேட்டர். விரலில் மாட்டிய கருவி கரியமில வாயுவை அளப்பதில்லை. அது பாட்டுக்கு 97 என்று பச்சை வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 88 முதல் 92 வரை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸ் ஏறிய 405 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கம்போல் தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்தவர்களைவிட, 88-92 இலக்குக்கு அளந்து கொடுத்தவர்களிடம் இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது. ஒரு நோய்க்கு அபாய எண்ணாக நாம் உருப்போட்டது, இன்னொரு நோய்க்குப் போதுமான எண். இந்த வித்தியாசத்தைக் கருவியின் அட்டைப்பெட்டி சொல்வதில்லை. விற்றவரும் சொல்வதில்லை.

தேவைப்படுபவர்களுக்கு வீட்டு ஆக்ஸிஜன் ஆயுளைக் கூட்டும் என்பதிலும் சந்தேகமில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்து 1980-81-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதை நிறுவின. ரத்தப் பரிசோதனையில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு, தினமும் குறைந்தது 15 மணி நேரம். மூச்சு வாங்கும்போது அரைமணி மாட்டிவிட்டுக் கழற்றுவது கணக்கில் வராது. இங்கே மின்வாரியம் உள்ளே வருகிறது. ஐந்து லிட்டர் மிஷின் சுமாராக 350 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாதத்தில் முந்நூறைத் தாண்டும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், ஃபேன், மிக்ஸி, மோட்டார் எல்லாம் சேர்ந்தால் 500-ஐத் தாண்டி மேல் படிக் கட்டணத்தில் போய் நிற்கும். பில்லைப் பார்த்த மாதத்திலிருந்து 15 மணி நேரம் எட்டாகிறது, எட்டு நான்காகிறது. மின்வெட்டு நேரத்துக்கு சிலிண்டர் வேறு வேண்டும். மிஷின் இருக்கும் அறையில் சாமி விளக்கும் சாம்பிராணியும் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி ஜெயிப்பது தனிப் போராட்டம்.

சி.ஓ.பி.டி.க்காரர் வீட்டில் தினமும் கவனிக்க வேண்டியவற்றுக்கு மிஷினே வேண்டாம். 1987-ல் கனடாவில் அந்தோனிசன் குழு வகுத்த மூன்று கேள்விகளைத்தான் இன்றும் மருத்துவர்கள் கேட்கிறார்கள்: இளைப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா? சளி அதிகமாகியிருக்கிறதா? அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா? நாலாவதாகக் கால் வீக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கள்ளக் கணக்கு

வீட்டில் எழுதும் நோட்டில் பொய் இருக்கும். 1990-களில் ஆய்வாளர்கள், ஊதும் எண்ணைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் கருவிகளைக் கொடுத்து, கூடவே கையால் எழுதும் நோட்டையும் கொடுத்தார்கள். கருவி நினைவு வைத்துக்கொள்ளும் என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. பிறகு இரண்டையும் ஒப்பிட்டால், ஊதாத நாளிலும் எண் எழுதப்பட்டிருந்தது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின ராத்திரி, வேறு வேறு பேனாவால் ஒரு மாதக் கணக்கை எழுதி முடிப்பது நமக்குத் தெரியாத வித்தையா? கோடை விடுமுறையின் கடைசி நாளில் காப்பி எழுத்து நோட்டை நிரப்பியவர்கள்தானே நாம்!

அப்படியானால் எல்லாவற்றையும் செயலியில் விட்டுவிடலாமா? ப்ளூடூத்தில் போனோடு பேசும் கைக்கடக்கமான ஸ்பைரோமீட்டர்கள் வந்துவிட்டன. நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தினமும் காலையில் அதில் ஊத வேண்டும். எண் பத்து சதவீதம் சரிந்தாலே மருத்துவமனைக்குப் போன் போக வேண்டும், ஏனெனில் உடல் புது நுரையீரலை ஏற்க மறுப்பதன் முதல் தடயம் அதுவாக இருக்கலாம். இந்த நோயாளிகளுக்கு வீட்டு ஸ்பைரோமீட்டர் அலங்காரப் பொருள் இல்லை.

மற்றவர்கள் விஷயத்தில் ஆய்வு முடிவுகள் கருவி விற்பவர்களுக்கு உவப்பாக இல்லை. ஸ்காட்லாந்தில் 256 சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஒரு பாதியினர் தினமும் அறிகுறிகளையும் ஆக்ஸிஜன் எண்ணையும் திரையில் தட்டி அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், மருத்துவமனையில் சேர்வது தள்ளிப்போகவே இல்லை. 2013-ல் வந்த முடிவு இது. இரு தரப்புக்கும் கிடைத்த மருத்துவக் கவனிப்பு ஒன்றுதான், கருவி மட்டும்தான் கூடுதல். அமெரிக்காவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ள 267 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. வீட்டில் ஊதியவர்களிடம் நோய் கூடுவது அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது, சிகிச்சையும் தரப்பட்டது. ஆனால் ஆண்டு முடிவில் நுரையீரலின் திறன் இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருந்தது.

ஆஸ்துமாவில் எது பலன் தந்தது என்பதும் தெரிந்ததுதான். நோயைப் பற்றிய விளக்கம், குறிப்பிட்ட இடைவெளியில் டாக்டரைப் பார்ப்பது, எண்ணோ அறிகுறியோ மோசமானால் என்ன செய்வது என்று எழுதிக் கையில் கொடுத்த ஒரு தாள். மூன்றும் சேர்ந்த இடத்தில் மருத்துவமனைச் சேர்க்கைகள் குறைந்தன. கருவியை மட்டும் வாங்கி மூலையில் வைத்த இடத்தில் குறையவில்லை. நம் ஊரில் கருவி கிடைக்கிறது. தாள்தான் கிடைப்பதில்லை. ஐம்பது பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் யார் எதை எழுதிக்கொடுப்பது?

▪ பெட்டிச் செய்தி: அந்தத் தாளில் என்ன இருக்கும்?

பச்சை (சொந்த உச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல்): வழக்கமான மருந்து, வழக்கமான வேலை.

மஞ்சள் (50 முதல் 80 வரை): எந்த இன்ஹேலரை எவ்வளவு கூட்டுவது, எத்தனை நாள், எப்போது டாக்டருக்குப் போன் செய்வது. இதை உங்கள் மருத்துவர்தான் எழுத வேண்டும்.

சிவப்பு (50-க்குக் கீழே): நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (மருந்தைத் தேக்கித் தரும் குழல்) வைத்து எழுதிக்கொடுத்தபடி எடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புவது. பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழப்பம், அசாத்தியக் களைப்பு என்றால் ஊதிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108.

உச்சம் 400 என்றால் 320, 200 என்ற இரண்டு எண்களைக் குழாயின் மேலேயே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

சேத்துப்பட்டு செய்து காட்டியது

நுரையீரல் நோயை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில்: நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, காற்றோட்டம். மறு பாதி நெருக்கடியான தங்கள் வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு. மருந்து இருவருக்கும் ஒன்று. ஓராண்டு முடிவில் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்தவர்களுக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

அந்தக் கட்டுரையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு பகுதி உண்டு. வீட்டுச் சிகிச்சை என்பது மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவதாக இருக்கவில்லை. மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். நோட்டில் எண் மட்டும் இருந்தால் போதாது, அதைப் பார்க்க ஒருவர் வாசலுக்கு வர வேண்டும் என்பது அந்த ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாசலுக்கு வரும் ஆட்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்திலும் 2023 முதல் ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. பெயர்கள் ஏறிவிட்டன. பெயர் ஏறியது போதாது. அந்தத் தன்னார்வலரின் பையில் பீக் ஃப்ளோ மீட்டரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீக்கம் குறைக்கும் இன்ஹேலரும், நோயாளி கையில் மூன்று வண்ணத் தாளும் ஏற வேண்டும். மூன்றில் விலை கூடியது இன்ஹேலர்தான், அதுவும் ஒருமுறை ஐ.சி.யூ.வில் சேர்ப்பதற்கு ஆகும் செலவின் பக்கத்தில் நிற்காது.

ஒரு கருவியைப் பத்து வாய்க்கு வைத்தால் தொற்றாதா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவழி வால்வு உள்ள அட்டை வாய்க்குழாய்கள் இருக்கின்றன: ஊதலாம், உள்ளே இழுக்க முடியாது, ஒருவர் ஊதியதும் தூக்கிப் போட்டுவிடலாம். நாள்பட்ட ஆஸ்துமாக்காரர்களுக்குக் கருவியையே சொந்தமாகக் கொடுத்துவிடுவது அதைவிடச் சுலபம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இன்ஹேலர் வைக்கும் அதே டப்பாவில் வைத்துக்கொள்வார்கள்.